துண்டு வித்தையை முடிக்காமல் வந்த நாள்

சென்ற மாதம் உங்களில் நான்கு பேர் தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்தீர்கள். காப்பி குடித்தீர்கள். மரியாதைக்கு என் முழங்கால் வலியை விசாரித்தீர்கள். பிறகு வந்த காரியத்தை எடுத்தீர்கள். "சார், தெருவுல வித்தை காட்ட ஆரம்பிக்கறவன் முதல்ல எதைக் கத்துக்கணும்?" சீட்டா, கயிறா, கிண்ணமும் பந்துமா என்று நீங்களே பட்டியலும் போட்டுக் கொடுத்தீர்கள். நான் முறுக்குத் தட்டை உங்கள் பக்கம் தள்ளிவிட்டுப் பேச்சை மாற்றினேன். நாற்பது வருஷம் தெருவில் நின்ற மனுஷனுக்கு இதற்குக்கூடப் பதில் தெரியவில்லையே என்று தெருமுனையில் போய்ப் பேசியிருப்பீர்கள்.

பதில் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது. அதைச் சொன்னால் கூடவே ஒரு துண்டின் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். எழுதும்போது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பூதலூர்க்காரன். அப்பா சபையில் உபதேசியார். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் வேதம் சொல்லிக்கொடுப்பவர். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். தஞ்சாவூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் பல்பொடி விற்பார். விற்பதற்கு முன்னால் கால் மணி நேரம் வித்தை காட்டிக் கூட்டம் சேர்ப்பார். அவர் விரல்களைப் பார்ப்பதற்காகவே அடிக்கடி ரயிலேறிப் போவேன். சும்மா நின்றால் விரட்டிவிடுவார் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பொட்டலம் வாங்குவேன். வீட்டில் பல்பொடி மலையாகக் குவிந்தது. எங்கள் வீட்டில் அத்தனை பல் ஏது என்று அம்மா கேட்டதில்தான் குட்டு வெளிப்பட்டது.

அப்பா அடிக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார். "உள்ளங்கையில ஒளிச்சு வைக்கப் பழகினவன் நாளைக்கு மனசுலயும் ஒளிச்சு வைப்பான்டா." அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கட்டுரையின் கடைசியில் வராது.

முதல் வட்டம் போட்டது பூதலூர் ரயில் நிலையத்துக்கு வெளியே. உங்களுக்கும் அந்த நாள் வந்திருக்கும், அல்லது வரப்போகிறது. சுண்ணாம்புத் தூளால் தரையில் வட்டம் கிழித்தேன். ஒரு மண்பானை, மூன்று கிண்ணம், நாலு எலுமிச்சம்பழம். "வாங்க, வாங்க, புரொபசர் வித்தையைப் பாருங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தக் காலத்தில் வித்தைக்காரன் எல்லோருமே புரொபசர்தான். யாரும் வரவில்லை. ஒரு ஆடு வந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் கத்தவும் தெம்பில்லாமல் வட்டத்துக்குள் உட்கார்ந்து, பானைக்குள் விழுந்த ஒரு கருவண்டு ஏறுவதையும் சறுக்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ வந்து, "உள்ள என்ன தம்பி?" என்றார். "ஒண்ணுமில்லைங்க" என்றேன். அவர் நகரவில்லை. இன்னொருவர் வந்து, "என்னவாம்?" என்றார். "சொல்ல மாட்டேங்கறான்" என்றார் முதலாமவர். திருச்சி வண்டிக்கு நின்ற ஜனம் பாதி அங்கே திரண்டுவிட்டது.

கூப்பிட்டு வராத கூட்டம் ஒளித்தால் வரும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆயிற்று. உங்களுக்கு ஒரு முறுக்கோடு சேர்த்துச் சும்மா கொடுத்துவிட்டேன். ஆனால் நீங்கள் கேட்டதற்குப் பதில் இது இல்லை.

பிறகு மன்னார்குடி. தெப்பக்குளக் கரையில் ஆறேழு மாதம் கடை விரித்தேன். அங்கேதான் என் துண்டு வித்தை உருவாயிற்று. கூட்டத்தில் ஒருவரிடம் தோள் துண்டைக் கேட்டு வாங்குவேன். எல்லோர் கண்ணெதிரே கத்தரிக்கோலால் நடுவில் வெட்டுவேன். கொடுத்தவர் முகம் போகிற போக்கைப் பார்த்தே பாதிக் கூட்டம் சிரிக்கும். இரண்டு துண்டையும் பானைக்குள் போட்டு, எடுத்தால் முழுத் துண்டு. எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வித்தையைவிட அதை முடிக்கும் அழகுக்குத்தான் எனக்குப் பெயர். அறுபத்தேழில் ஆட்சி மாறி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த நேரம் அது. ஊருக்கு ஊர் மேடை, மேடைக்கு மேடை பேச்சு. துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேச ஆரம்பிப்பதற்கே கை தட்டல் விழும். மேடையேறாதவன்கூட டீக்கடையில் அப்படித்தான் உதறிப் போடுவான். அந்த உதறலை நான் எடுத்துக்கொண்டேன். பானையிலிருந்து வந்த துண்டை 'படீர்' என்று உதறி, சொந்தக்காரர் தோளில் நானே போட்டு, "உங்க துண்டு உங்க தோளுக்கு!" என்பேன். பிறகு இரண்டடி பின்னால் வந்து ஒரே ஒரு தடவை கையைத் தட்டுவேன். அத்துடன் வித்தை முடிந்தது என்று அர்த்தம்.

அந்தக் கை தட்டலுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தேன். ஆரம்பத்திலேயே சத்தமாகச் சொல்லிவிடுவேன். "நான் கை தட்டுற வரைக்கும் வட்டத்துக்குள்ள இருக்கற எதையும் யாரும் தொடப்படாது. தொட்டா, தொட்ட கைக்கு நான் பொறுப்பில்லை!" சாமான்களைக் கிளறிப் பார்க்கிறவர்களைத் தள்ளி வைப்பதற்காகச் சொன்னதுதான். வேறு ஒரு மந்திரமும் கிடையாது.

மன்னார்குடி அலுத்துப்போய்க் கிராமங்களுக்குக் கிளம்பினேன். அறுவடைக் காலத்தில் கிராமத்தில் கைநிறைய நெல் போடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு தை மாதம் தெற்கே போகிற பஸ்ஸில் ஏறினேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அவரவர் பேரப்பிள்ளைகள் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள். வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. இறங்கிப் பார்த்தால் எனக்காகவே ஏற்பாடு செய்தது போல இரண்டு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. மதகுக்கு இந்தப் பக்கம் நாற்பது ஐம்பது பேர், ஆணும் பெண்ணுமாக. அந்தப் பக்கம் இருபது பேர், நல்ல வேட்டியில். நடுவில் முற்றிய நெல் சாய்ந்து கிடக்கிறது. மத்தியான வேளையில் யாரும் அறுக்கவில்லை. யாரும் பேசவும் இல்லை.

கண் இருக்கிறவன் அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பான். கூலி நெல் கூட்டிக் கேட்டு ஆட்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப் பண்ணை நாள் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வருஷம் கீழத்தஞ்சையில் பாதி ஊர் இப்படித்தான் இருந்தது. பேப்பரில் நான் சினிமா விளம்பரம் மட்டும் பார்ப்பவன். இரண்டு பக்கமும் பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நேராக மதகின் மேலேயே, இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், வட்டத்தைக் கிழித்தேன். பானைக்குள் பார்க்க ஆரம்பித்தேன்.

இரண்டு பக்கமும் எழுந்து வந்தார்கள். மனுஷனுக்கு எத்தனை பகை இருந்தாலும் பானைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

தொட்ட கைக்குப் பொறுப்பில்லை என்ற சட்டத்தை வழக்கம் போலச் சத்தமாகச் சொன்னேன். பண்ணையின் காரியக்காரர் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். பண்ணை நிலம் முழுவதையும் நிர்வாகம் செய்கிறவர். அவரிடம் மூக்குப்பொடி டப்பாவைக் கேட்டு வாங்கி, வித்தை செய்து திருப்பிக் கொடுத்தேன். "ஆட்டிப் பாருங்க" என்றேன். உள்ளே ஏதோ கீறுகிற சத்தம். "உங்க பொடி இப்ப ஒரு உயிரா மாறியிருக்கு. நான் கை தட்டினா மறுபடியும் பொடி. அதுக்கு முன்னாடி தொறக்கப்படாது" என்றேன். அவருக்குப் பொறுமை இல்லை. "ஏமாத்துறியா?" என்று மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த வயல் நண்டு அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது. அவர் கையை உதறுகிறார், நண்டு விடவில்லை. இரண்டு பக்கமும் சிரித்தது. கதிர் சாய்ந்து கிடந்த அத்தனை நாளில் அந்த ஊர் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். "சொன்னேனில்லைங்க" என்றேன் பெரிய மனுஷத் தோரணையில்.

தலைகால் புரியவில்லை எனக்கு. உடனே துண்டு வித்தைக்குப் போனேன்.

துண்டு கேட்க ஆளைத் தேடினேன். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் கையையே கவனிக்கிறவரிடம் கேட்க வேண்டும் என்பது என் கணக்கு. அப்படி ஒருவர் ஆட்கள் பக்கத்தில் இருந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லி. அவர் பெயர் பக்கிரி என்று பக்கத்தில் இருந்தவர்கள் கூப்பிட்டதில் தெரிந்தது. பழுப்பேறிய ஒரு துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். அவர் பக்கத்து ஆண்கள் எல்லோருமே துண்டை இடுப்பில்தான் கட்டியிருந்தார்கள். எதிர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் தோளில். ஆறேழு மாதமாகத் துண்டை வைத்துப் பிழைக்கிற என் கண்ணில் அது படவே இல்லை.

"அண்ணே, உங்க துண்டைக் கொஞ்சம் குடுங்க."

அவர் தயங்கினார். "கிழிச்சிட மாட்டீங்களே தம்பி? இது ஒண்ணுதான் இருக்கு."

"கிழிச்சாத்தானே வித்தை?" என்றேன். கூட்டம் சிரித்தது. பக்கிரி இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வட்டத்துக்குள் வந்து நின்றார். வெட்டினேன். பானையில் போட்டேன். எடுத்தேன். முழுசாக வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து 'ஆத்தாடி' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் தந்த போதையில் துண்டை ஒரே உதறாக உதறி, "ஒட்டு இன்னும் காயலை, யாரும் தொடாதீங்க! உங்க துண்டு உங்க தோளுக்கு!" என்று பக்கிரியின் தோளில் போட்டேன்.

இரண்டடி பின்னால் வந்தேன். கை தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். சத்தம் எல்லாம் நின்றுபோயிருந்தது. மதகுக்குக் கீழே தண்ணீர் போகிறது கேட்டது.

எனக்கு முதலில் வித்தை தப்பிவிட்டதோ என்றுதான் தோன்றியது. துண்டைப் பார்த்தேன், முழுசாகத்தான் இருந்தது. பிறகுதான் அந்தப் பக்கத்துத் தோள்களையும் இந்தப் பக்கத்து இடுப்புகளையும் பார்த்தேன். பண்ணைக்காரர் எதிரே கூலியாள் தோளில் துண்டு போடக் கூடாது என்ற வழக்கம் அப்போதுதான் உறைத்தது. காரியக்காரர் முன்னால் வந்தார்.

"எடுடா" என்றார் பக்கிரியைப் பார்த்து.

பக்கிரி அசையவில்லை. காரியக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீதானே போட்ட? நீயே எடு."

தம்பிகளா, பல வருஷம் நான் இந்த இடத்தில் கதையை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றதாகச் சொல்வேன். கேட்டவர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். நடந்தது என்ன தெரியுமா? ஓரடி முன்னால் வந்தேன், என் கை நீண்டது. பக்கிரியின் தோளுக்கு ஒரு சாண் தூரம் வரைக்கும் போயிற்று. எனக்கு இருபது வயது, தெரியாத ஊர், பஸ் வர நேரம் இருந்தது. பயந்துவிட்டேன். எடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

அப்போது பக்கிரி பேசினார். ரொம்பப் பணிவான குரலில், காரியக்காரரைப் பார்த்துத்தான் பேசினார்.

"தம்பி இன்னும் கை தட்டலீங்களே, ஐயா. ஒட்டு காயணுமுல்ல? முன்னாடியே தொட்டா தொட்ட கைக்குப் பொறுப்பில்லைன்னு சொன்னாரே. ஐயாவுக்குத்தான் தெரியுமே."

ஆட்கள் பக்கத்தில் ஒரு கிழவி களுக் என்று சிரித்தாள். தானே எடுத்துவிடலாம் என்று காரியக்காரர் துண்டை நோக்கிக் கையை நீட்டினார். நீட்டின கையை அவரே பார்த்தார். ஆள்காட்டி விரலில் நண்டு பிடித்த இடம் இன்னும் சிவப்பாக இருந்தது. கை கீழே இறங்கிற்று. பயமா, இன்னொரு தடவை எல்லோரும் சிரித்துவிடுவார்களே என்ற மானமா, எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும்.

"அப்ப முடி" என்றார் என்னிடம். "கையைத் தட்டு. முடிச்சுட்டு எடுக்கச் சொல்லு."

நீங்கள் கேட்ட கேள்விக்கு இந்த இடத்தில்தான் பதில் இருக்கிறது. கொஞ்சம் நில்லுங்கள்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டு மறுபடியும் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறேன். தட்டினால் வித்தை முடிந்தது. பக்கிரி துண்டை இறக்கி இடுப்பில் கட்டியாக வேண்டும், இல்லையென்றால் அது வித்தை இல்லை, அவர் துணிந்து செய்தது என்றாகிவிடும். அவர் குடியிருப்பது பண்ணைக்குச் சொந்தமான மனையில். ஒரு வார்த்தையில் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். இது எதுவும் அப்போது எனக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். பக்கிரி தன் துண்டின் ஒரு முனையை விரலால் பிடித்திருந்தார், புறப்படாத பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. தட்டு என்றும் இல்லை, தட்டாதே என்றும் இல்லை. கொஞ்சம் முன்னால் என் கை நீண்டதை அவர் பார்த்திருக்கிறார் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

கையை இறக்கினேன்.

"இது இன்னைக்கு முடியாதுங்க" என்றேன். குரல் எலி கத்துவது போல வந்தது.

"எப்ப முடியும்?"

"நான் திரும்பி வர்றப்ப."

பானையைத் தூக்கினேன். கிண்ணங்களைப் பையில் போட்டேன். ஒரு கிண்ணம் உருண்டு வாய்க்காலில் விழுந்தது, அதை எடுக்கவும் இல்லை. எந்த ஊருக்கோ போகிற ஒரு பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். பக்கிரி சுண்ணாம்பு வட்டத்துக்குள்ளேயே நின்றிருந்தார். துண்டு தோளில் இருந்தது. இரண்டு பக்கமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மனுஷனை நடு வட்டத்தில் நிறுத்திவிட்டு வித்தைக்காரன் பஸ் ஏறிப் போனது இந்தத் தொழிலில் அநேகமாக அது ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. பேராவூரணிக்குத் தென்னந்தோப்புக் கல்யாணங்களில் வித்தை காட்டப் போகும்போதுகூடச் சுற்றிக்கொண்டு வேறு பஸ்ஸில் போவேன். சினிமா விளம்பரம் மட்டும் பார்த்தவன் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். குடிசை பிடுங்கப்பட்டது, அடிதடி, வழக்கு என்று எந்தச் செய்தி வந்தாலும் ஊர்ப் பெயரைத்தான் முதலில் தேடுவேன். இல்லையென்றால் மூச்சு வரும். துண்டு வித்தையை விட்டுவிட்டேன். கூட்டத்தில் யாராவது தோளிலிருந்து எடுத்து நீட்டினாலும், "வேணாங்க, கைக்குட்டை குடுங்க" என்பேன்.

ஒன்பது வருஷம் கழித்துப் போனேன். குடியிருப்பவருக்கே மனையைப் பட்டா போட்டுக் கொடுக்கும் சட்டம் வந்து, அந்தப் பக்கமெல்லாம் தாசில்தார் ஆட்கள் சங்கிலி பிடித்து அளந்து முடித்திருந்தார்கள். இனிப் போனால் என்னால் அவருக்குக் கெடுதல் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்பா அந்த வருஷம் இறந்துபோயிருந்தார். அவர் சொன்னது உள்ளே குடைந்துகொண்டிருந்தது.

மதகு அப்படியே இருந்தது. காலை பத்து மணி இருக்கும். டீக்கடையில் விசாரித்தேன். "யாரு, வித்தைத் துண்டு பக்கிரியா?" என்றார் கடைக்காரர். ஆளுக்கு அடைமொழியே அதுவாகிவிட்டிருந்தது.

வாய்க்கால் கரையில் சாணி எரு கொட்டிக்கொண்டிருந்தார் பக்கிரி. தலை நரைத்திருந்தது. தோளில் துண்டு. வேறு துண்டு, அந்தப் பழைய துண்டு எத்தனை நாளைக்கு வரும்? என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தார்.

"வந்துட்டீங்களா?" என்றார், நேற்றுப் போனவனைக் கேட்பது போல.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. "என்னண்ணே ஆச்சு அன்னைக்கு?" என்று கேட்டேன்.

"அந்த வெள்ளாமைக்கு என்னை வேலைக்குக் கூப்பிடலை. பிள்ளைங்க நண்டையும் கீரையையும் தின்னுச்சுங்க. அப்பறம் மனையைக் காலி பண்ணுன்னாங்க. ஆளு வந்து கூரையைப் பிரிச்சுப் போட்டாங்க. சுவத்துக்குள்ள உக்காந்துகிட்டு இருந்தோம் ஒரு மாசம், வானத்தைப் பாத்துக்கிட்டு." கோபமில்லாமல் சொன்னார். "துண்டை எடுடான்னு வருவாங்க. நான் எங்கங்க எடுக்கறது? வித்தைக்காரத் தம்பி முடிக்காமப் போயிட்டாரு, வரட்டும், வந்து கையைத் தட்டட்டும், எடுத்துடறேன்னு சொல்லுவேன். அவங்களுக்கே சிரிப்பு வந்துடும். சிரிச்சவன் எப்படி அடிப்பான்? அடிச்சவனும் இருக்கான், இல்லைங்கலை. அப்பறம் பக்கத்து வீட்டுக்காரன் ஒரு நாள் தோள்ல போட்டுக்கிட்டு வந்தான். என்னடான்னா, பக்கிரிகிட்ட இருந்து ஒட்டிக்கிச்சுங்கறான். எங்க தெரு முழுக்க ஒட்டிக்கிச்சு தம்பி. எத்தனை பேரை எடுக்கச் சொல்லுவாங்க?"

நானும் சிரித்தேன், அழுதுகொண்டே. பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அண்ணே, அன்னைக்கு என் கை..."

"வந்துச்சு. பாத்தேன்" என்றார். "அதான் நான் முந்திக்கிட்டேன்." கூடையை எடுத்து மிச்ச எருவை உதறினார். "ஆனா அப்பறம் தட்டலை பாருங்க. அதையும் பாத்தேன்."

இவ்வளவுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. சீட்டு, கயிறு எல்லாம் கற்றுக்கொள்ளுங்கள், வரும். ஆனால் ஒரு ஆளிடம் ஒரு பொருளைக் கேட்டு வாங்குவதற்கு முன்னால், அந்தப் பொருள் அவர் உடம்பில் எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று பாருங்கள். மோதிரமோ, துண்டோ, கையில் இருக்கிற போனோ, எதுவானாலும். நாம் பத்து நிமிஷம் வைத்துக்கொண்டு கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவோம். அதைச் சுமந்துகொண்டு அந்த ஊரிலேயே இருக்கப்போவது அவர். முதலில் கற்க வேண்டியது அந்தப் பார்வையைத்தான். எனக்கு அது தெரியாமல் போனதற்கு ஒரு குடும்பம் ஒரு மாதம் கூரையில்லாமல் இருந்தது. என் சமயோசிதத்தால் எதுவும் நடக்கவில்லை. கூட்டத்தில் நின்றவருக்கு என்னைவிடப் புத்தி இருந்தது, தைரியமும் இருந்தது. அன்று அங்கே வித்தை காட்டியவர் அவர்தான்.

கிளம்பும்போது பக்கிரி என்னை நிறுத்தினார். கை கழுவக்கூடத் தோன்றாமல் மடியிலிருந்து அவசரமாக ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே நான்காக மடித்த பட்டா. அவர் பெயர் போட்டிருந்தது. எழுத்தைக் காட்டி, "இதானே என் பேரு?" என்று கேட்டார். "ஆமாண்ணே" என்று வாசித்துக் காட்டினேன். திரும்ப மடித்து வைத்துக்கொண்டார்.

"வந்தது வந்தீங்க. வித்தையை முடிச்சுட்டுப் போங்க."

எனக்குப் புரியவில்லை. "இப்ப எதுக்குண்ணே? யாரு கேக்கப்போறா?"

"யாரும் கேக்கலை. நான் கேக்கறேன்." துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். "உங்க வித்தையாலதான் இது இங்க இருக்குன்னு இன்னும் இந்த ஊர்ல சொல்றாங்க தம்பி. முடிச்சுடுங்க."

வாய்க்கால் கரையில், எருக் குவியலுக்குப் பக்கத்தில், பார்க்க ஒரு ஆளும் இல்லாத இடத்தில், அவர் நிமிர்ந்து நின்றார். நான் வழக்கம் போல இரண்டடி பின்னால் போனேன். கையைத் தூக்கி ஒரு தடவை தட்டினேன்.

இரண்டு பேரும் துண்டைப் பார்த்தோம். அது அவர் தோளிலேயே இருந்தது.